டர்பன் கழிமுகங்களின் மணல் இறால்: பருவமும் இனப்பெருக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் விரிகுடாவிலும் அதற்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கழிமுகங்களிலும் தூண்டில் போடுகிறவர்களுக்கு மணல் இறாலைத் தெரியாமல் இருக்காது. ஆனால் அது எப்போது சினைப்படுகிறது, குஞ்சுகள் எங்கே வளர்கின்றன, ஒரு வருடம் நிறைந்து கிடந்த மணல்திட்டு மறுவருடம் ஏன் வெறிச்சோடிப் போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இசிப்பிங்கோ பகுதிகளில் தூண்டில் போடும் அன்பர்களும் உயிரியல் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சில விடைகள் நீளமானவை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மணல் இறால் என்பது எது? குழம்பு வைக்கும் இறாலின் குஞ்சா?

இல்லை. குழம்பு இறால் கடலில் முட்டையிட்டு, கழிமுகத்தில் இளமையைக் கழித்து, மீண்டும் கடலுக்கே போகும் வேறொரு குடும்பம். மணல் இறால் தன் வாழ்நாள் முழுவதையும் மணலுக்குள் வளை தோண்டிக் கழிப்பது. விரல் நீளமே இருக்கும், ஓடு மெல்லியது, உடல் வெளிறிய இளஞ்சிவப்பாக, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்குக் கண்ணாடி போல இருக்கும், ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரியதாக இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பழைய பெயரான ‘கல்லியனாசா கிராஸி’ என்பதையும் புதிய பெயரான ‘கிராசில்லிகைரஸ் கிராஸி’ என்பதையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே உயிரினம்தான். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கேப் முனையைச் சுற்றி, நேட்டால் கரை வழியாகத் தெற்கு மொசாம்பிக் வரை இது பரவியிருக்கிறது. இவ்வளவு நீளமான கரையில், இவ்வளவு வேறுபட்ட கழிமுகங்களில் ஒரே இனம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதன் இனப்பெருக்க முறைதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகளில் பாதி அதை விளக்குவதற்காகவே எழுதப்பட்டவை.

சேற்று இறாலும் இதுவும் ஒன்றுதானே?

இரை வாளிக்குள் ஒன்றாகக் கிடந்தாலும் இரண்டும் வெவ்வேறு. சேற்று இறால், அதாவது உபோஜெபியா ஆப்பிரிக்கானா, பழுப்பும் பச்சையும் கலந்த நிறமுடையது. தலைப்பகுதி முடிகளோடு சொரசொரப்பாக இருக்கும். இரண்டு கொடுக்குகளும் ஏறத்தாழ ஒரே அளவு. அது சேற்றில் ‘யூ’ வடிவ வளை அமைத்து, சுவரை மெழுகி நிலைப்படுத்தி, உள்ளே நீரை ஓட்டி அதிலிருந்து உணவை வடிகட்டித் தின்கிறது. மணல் இறாலோ ஓயாமல் மணலைக் கிளறிக்கொண்டே இருப்பது. அது தள்ளிவிடும் மணல்தான் வளை வாயைச் சுற்றிச் சிறு மேடாகக் குவிகிறது. கேப் மேற்குக் கரையில் உள்ள லாங்கபான் காயலில் பிராஞ்ச், பிரிங்கிள் என்ற ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணல் இறால்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 கிலோ மணலைப் புரட்டிப் போடுகின்றன. நாம் வெறும் மணல் என்று நினைத்து மிதித்து நடக்கும் தரையின் நிலையைத் தீர்மானிப்பது அந்த இறால்தான்.

ஆனால் இந்த இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு நிறத்திலோ வளையிலோ இல்லை. குஞ்சுகள் தம் முதல் நாட்களை எங்கே கழிக்கின்றன என்பதில் இருக்கிறது.

மணல் இறாலின் குஞ்சு எங்கே வளர்கிறது?

தாயின் வளைக்குள்ளேயே வளர்கிறது. கடலிலும் கழிமுகத்திலும் வாழும் பெரும்பாலான இறால், நண்டு இனங்களில் முட்டை பொரிந்ததும் நுண்ணிய இளவுயிரிகள் நீரில் மிதந்து, பல வடிவங்கள் மாறி, வாரக்கணக்கில் அலைந்த பிறகே தரைக்கு இறங்கும். மணல் இறால் அந்தப் பயணத்தையே விட்டுவிட்டது. இதை 1973இல் ஃபோர்ப்ஸ் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். பெண் இறால் தன் வயிற்றின் அடியில் உள்ள கால்களில் முட்டைகளை ஒட்டவைத்துப் பல வாரங்கள் சுமக்கிறது. முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரியவை, மஞ்சள்கரு நிறைந்தவை. பொரிந்து வரும் இளவுயிரி இரண்டு நிலைகளை மட்டுமே கடக்கிறது. அந்தச் சில நாட்களில் எதையும் தின்பதில்லை, மஞ்சள்கருவின் மிச்சத்தைக் கொண்டே வாழ்கிறது. நீரில் மிதந்து போவதும் இல்லை, வளையின் தரையிலேயே கிடக்கிறது. பிறகு சிறு இறாலாக உருமாறி, தாய் வளையின் சுவரிலிருந்தே பக்கவாட்டில் தனக்கென ஒரு மெல்லிய வளையைத் தோண்டத் தொடங்கி, வளர வளர மேல்நோக்கி நீட்டிக் கடைசியில் மணலின் மேற்பரப்புக்கு வழி திறக்கிறது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, குஞ்சு பிழைப்பதற்குக் கடல் தேவையில்லை. இரண்டாவது, புதிதாகப் பிறந்த தலைமுறை மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மணலில் ஓட்டைகள் கூடவில்லையே என்று நாம் நினைக்கும் நாட்களில் கீழே நூற்றுக்கணக்கான குஞ்சுகள் இருக்கலாம். எண்ணிக்கை எடுப்பவர்கள் இதை மறந்தால் கணக்கு முழுவதுமே தவறிவிடும்.

அப்படியானால் எந்த மாதத்தில் சினைப்படும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு மாதத்தைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்த விடை பக்கத்துக் கழிமுகத்துக்கே பொருந்தாமல் போகும். மணல் இறாலின் நாட்காட்டியை எழுதுவன இரண்டு: நீரின் வெப்பமும் நீரின் உப்பும்.

வெப்பம் எளிதில் விளங்கும். முட்டை வளரும் வேகம் நீரின் சூட்டைப் பொறுத்தது. சூடான நீரில் சீக்கிரம் பொரியும், குளிர்ந்த நீரில் நாள் எடுக்கும். எனவே ஓட்டுமீன் இனங்களில் பொதுவாகவே குளிர்ந்த கரைகளில் சினைப்பருவம் குறுகியும், சூடான கரைகளில் நீண்டும் இருக்கும். குவாசூலு-நேட்டால் கரையோரம் தெற்கு நோக்கி ஓடும் அகுலாஸ் நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் இங்கே நீர் மிகவும் குளிர்ந்துவிடுவதில்லை.

உப்பின் பங்கை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கிறது. வளர்ந்த மணல் இறால் ஏறக்குறைய நன்னீர் போன்ற நீரிலும், அதாவது ஆயிரத்துக்கு ஓரிரு பங்கு உப்பிலும்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் முட்டையும் இளவுயிரியும் நல்லபடி வளர்வதற்கு ஏறத்தாழ 20 பங்காவது வேண்டும். ஆகவே ஆற்றின் மேல்பகுதியில் கொழுத்த இறால்களைக் காண்பதால் அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அவற்றில் பல, கீழே உப்பு மிகுந்த பகுதியில் பிறந்து வளர்ந்து மேலே நகர்ந்து வந்தவையாக இருக்கும்.

இங்கே நம் மக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆடி என்றால் ஆற்றில் புதுவெள்ளம். ஆடிப்பெருக்கு அதற்கான விழா. நேட்டாலில் ஆடி வறண்ட குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அந்த வாரங்களில் நம் ஆறுகள் மெலிந்து கிடக்கின்றன. வாய் திறந்திருக்கும் கழிமுகங்களில் கடல்நீர் உள்ளே நெடுந்தூரம் ஏறி உப்புக் கூடுகிறது. மழை தை மாதத்தைச் சுற்றியுள்ள கோடையில்தான் கொட்டுகிறது. காவடி எடுக்கும் தைப்பூச நாட்களில் அதே கழிமுகங்களில் உப்புச் சரிந்து நீர் கலங்கியிருக்கும். கோடையில் வெப்பம் சாதகம், உப்பு பாதகம். குளிர்காலத்தில் அதற்கு நேர்மாறு. எனவே ‘எந்த மாதம்’ என்று கேட்பதைவிட, ‘உப்பு 20 பங்குக்கு மேல் இருந்த நாட்கள் தொடர்ச்சியாக எத்தனை, அப்போது நீர் எவ்வளவு சூடாக இருந்தது’ என்று கேட்பதே பயன்தரும்.

கேப் பகுதியின் தென்மேற்கில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது என்பதால், அங்கே எழுதப்பட்ட ஒரு பருவ அட்டவணையை டர்பனுக்கு அப்படியே எடுத்து வரக் கூடாது.

சேற்று இறாலின் பருவம் எப்படி?

அது ஒப்புநோக்கத் தெளிவானது. குளிர் முடிந்து நீர் சூடேறத் தொடங்கும்போது சினைப் பெண்கள் தென்பட ஆரம்பித்து, கோடை முழுவதும் தொடர்ந்து, இலையுதிர் காலத்தில் குறைகின்றன. முட்டைகள் சிறியவை, எண்ணிக்கையில் மிகுதியானவை. பொரிந்த இளவுயிரிகள் கழிமுகத்தில் தங்குவதில்லை. பெண் இறால்கள் இருட்டிய பிறகு, நீர் வற்றிக் கடலை நோக்கி ஓடும் வேளையைத் தேர்ந்தெடுத்து அவற்றை விடுகின்றன; பகல் வெளிச்சத்தில் விட்டால் சிறு மீன்கள் தின்றுவிடும், நீரேற்றத்தில் விட்டால் உள்நோக்கித் தள்ளப்படும். இந்த வெளியேற்றம் மாதத்தில் எல்லா இரவிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. நிலவின் சுழற்சியோடு இணைந்து ஏறி இறங்குகிறது. இளவுயிரிகள் கரையோரக் கடலில் சில நிலைகளைக் கடந்த பிறகு, ஏறும் நீரோடு மீண்டும் கழிமுகத்துக்குள் நுழைந்து சேற்றில் குடியேறுகின்றன.

அதாவது சேற்று இறாலுக்கு ஆற்றின் வாய் இரண்டு முறை திறந்திருக்க வேண்டும்: போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை.

கழிமுகத்தின் வாய் மணலால் அடைபட்டால் இவற்றுக்கு என்ன ஆகும்?

தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 300 கழிமுகங்கள் உள்ளன. அவற்றில் முக்கால் பங்குக்கு வாய் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஆற்றின் ஓட்டம் மெலியும்போது அலைகள் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடுகின்றன; மழை வந்து நீர் நிரம்பி உடைத்துக்கொண்டு ஓடும்வரை அது ஏரிபோலக் கிடக்கிறது. நேட்டால் கரையில் உள்ள சிறு ஆறுகள் பலவற்றுக்கு இதுதான் ஒவ்வோர் ஆண்டும் நடப்பது.

சேற்று இறாலுக்கு நீண்டகால அடைப்பு அழிவுதான். பெண்கள் வழக்கம்போல முட்டையிடும், முட்டைகள் பொரியும். ஆனால் இளவுயிரிகளால் கடலுக்குப் போக முடியாது, கடலில் இருப்பவையும் உள்ளே வர முடியாது. சேற்றில் பெரிய இறால்கள் மட்டுமே மிஞ்சும். வாளியைப் பார்ப்பவருக்கு ‘இந்த வருடம் நல்ல பருமன்’ என்று தோன்றும். உண்மையில் அது கிழடாகிவரும் கூட்டம். வாய் சில ஆண்டுகள் திறக்காவிட்டால் கூண்டோடு மறைந்துவிடும்.

மணல் இறாலுக்குக் கடல் தேவையில்லை என்பதால் அடைபட்ட கழிமுகத்திலும் அது தலைமுறை தலைமுறையாக வாழ முடியும். ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு. அடைபட்ட நீரில் ஆற்று நீர் சேர்ந்துகொண்டே போய் உப்பு 20 பங்குக்குக் கீழே விழுந்துவிட்டால் பெரியவை இருக்கும், புதியவை பிறக்கா. உப்பு நிலைத்திருந்தால் குஞ்சுகள் தொடர்ந்து வரும். வாய் அடைபட்ட இரண்டு கழிமுகங்களில் ஒன்றில் மணல் இறால் பெருகுவதையும் மற்றொன்றில் அருகுவதையும் இதைக்கொண்டே விளக்க முடிகிறது.

இந்த முறைக்கு விலையும் உண்டு. ஒரு கழிமுகத்தில் மணல் இறால் முற்றிலும் அழிந்துபோனால், சேற்று இறாலைப்போல அடுத்த பருவத்திலேயே கடல்வழியாகப் புதிய குஞ்சுகள் வந்து நிரப்புவதில்லை. தாய் இல்லாத இடத்தில் வளையும் இல்லை, குஞ்சும் இல்லை. அக்கம்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து வந்தால்தான் உண்டு.

பெருவெள்ளம் வந்தால்?

2022 ஏப்ரலில் டர்பனையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய வெள்ளத்தை எவரும் மறந்திருக்க முடியாது; அதில் 400க்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தின் முன் இறாலைப் பற்றிப் பேசுவது சிறியதுதான். என்றாலும் கேள்வி வந்திருப்பதால் எழுதுகிறேன். பெருவெள்ளம் கழிமுகத்தை மூன்று விதமாகத் தாக்குகிறது. நீரின் உப்பைச் சில மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது. மணல்திட்டுகளை அவற்றில் உள்ள உயிரோடு அரித்துக் கடலில் கொட்டுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு மேலே நுண்சேற்றைப் படியவிடுகிறது. வளையின் ஆழத்தில் இருக்கும் நீர் மேலே ஓடும் நீரைவிட மெதுவாகவே உப்பை இழக்கும் என்பதால் முதலாவதை மணல் இறால் ஓரளவு தாங்கும். திட்டே அடித்துப் போனால் அதற்கு மாற்று இல்லை. மூன்றாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: மணலின் மேல் சேறு படிந்த இடங்கள் மணல் இறாலுக்கு ஒவ்வாமல் போகின்றன.

வெள்ளத்துக்குப் பின் முதலில் மீண்டு பெருகுவது கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவை ஓட்டுயிரிகள். சூடோடயாப்டோமஸ் ஹெஸ்ஸே என்ற துடுப்புக்காலி தென்னாப்பிரிக்கக் கழிமுகங்களில் இப்படி முன்னோடியாகப் பெருகுவதற்குப் பேர்போனது. அதன் பெண்கள் முட்டைப்பைகளைச் சுமந்துகொண்டே நீந்துகின்றன.

மணல் இறாலின் எண்ணிக்கையை எப்படி எடுப்பது? ஓட்டைகளை எண்ணினால் போதாதா?

ஓட்டைகளை எண்ணுவது விரைவானது, இறாலைத் தொந்தரவு செய்யாதது. அந்த வகையில் நல்ல முறை. ஆனால் ஓர் ஓட்டை ஓர் இறால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாய்கள் இருக்கலாம். இறால் சுறுசுறுப்பாக இல்லாத குளிர்நாட்களில் சில வாய்கள் தூர்ந்து மறையலாம். காற்றும் அலையும் சற்றுமுன் மணலைச் சமன்செய்திருக்கலாம். அதோடு, முன்பே சொன்னபடி, குஞ்சுகளின் வளைகள் தொடக்கத்தில் மேலே திறந்திருப்பதே இல்லை. கோடையில் ஓட்டைகள் கூடினால் இறால் கூடிவிட்டது என்று எழுதுவது அவசரம். அதே இறால்கள் கூடுதலாக வேலை செய்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் சில சதுரங்களில் ஓட்டைகளை எண்ணிவிட்டு, அதே சதுரங்களில் இறாலையும் எடுத்து எண்ணி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அந்தப் பருவத்துக்கென்று கண்டறிய வேண்டும்.

பம்ப் கொண்டு எடுப்பதிலும் குறை உண்டு. குழாயை வளை வாயில் பதித்துக் கைப்பிடியை இழுத்தால் மணல் தண்டு ஒன்று உள்ளே ஏறும். அதைச் சல்லடையில் தள்ளி நீரில் அலசினால் கருஞ்சாம்பல் மணல் கரைந்து இறால் மட்டும் நெளிந்துகொண்டு மிஞ்சும். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் குஞ்சுகள் மணலோடு போய்விடும். பெரிய இறால்கள் ஆழத்துக்குப் பின்வாங்கினால் குழாய்க்கு எட்டா. ஆகவே ஒரே கண் அளவுள்ள சல்லடையை, ஒரே எண்ணிக்கையிலான இழுப்புகளை, ஆண்டு முழுவதும் மாற்றாமல் கையாள வேண்டும். நடுவில் கருவியை மாற்றினால் அந்த மாற்றம் பருவ மாற்றம் போலவே அட்டவணையில் வந்து நிற்கும்.

நாள் தேர்வுக்குப் பஞ்சாங்கமே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டர்பனில் நீர் மிகவும் வற்றும் நேரம் காலை பத்து மணியைச் சுற்றி வருகிறது. தாழ்ந்த திட்டுகள் அப்போதுதான் முழுமையாக வெளிப்படும்.

சினையின் நிலையை வெறும் கண்ணால் அறிய முடியுமா?

முடியும். சிறு உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நல்லது. பெண் இறாலைக் கவிழ்த்து வயிற்றின் அடியைப் பாருங்கள். அண்மையில் இட்ட முட்டைகளில் மஞ்சள்கரு முழுவதும் நிறைந்து ஒரே சீரான நிறமாக இருக்கும். நாள் செல்லச் செல்ல ஒரு பக்கம் தெளிந்து, மஞ்சள்கரு சுருங்கி, இரண்டு கரும்புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். அவை குஞ்சின் கண்கள். கண் தெரிந்த முட்டை பொரியும் நாளை நெருங்கியது. இன்னும் முட்டையிடாத பெண்ணிலும், உடல் கண்ணாடி போலிருப்பதால், முதுகுப்புறத்தில் முதிர்ந்த சூலகம் நிறமுள்ள பட்டையாகத் தோலினூடே தெரியும்.

இந்த மூன்று நிலைகளையும் தனித்தனியே குறித்துவைத்தால் பருவத்தின் தொடக்கம், உச்சம், முடிவு மூன்றும் பிடிபடும். ‘சினை உண்டு, இல்லை’ என்று மட்டும் எழுதினால் உச்சம் மட்டுமே தெரியும்.

ஆண், பெண் வேறுபாடு?

வளர்ந்த ஆணின் பெரிய கொடுக்கு உடலுக்குப் பொருந்தாத அளவுக்குத் தடித்து நீண்டிருக்கும். பெண்ணின் கொடுக்கு மெலிந்தது. குஞ்சுகளில் இதைக்கொண்டு பிரிக்க முடியாது.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஓட்டுயிரிகள் சட்டையைக் கழற்றிக்கொண்டே வளர்வதால் வயதை நேரடியாகப் படிக்கும் உறுப்பு இவற்றில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மாதமும் எடுக்கும் இறால்களின் தலையோட்டு நீளத்தை அளந்து, எந்த அளவில் எத்தனை என்று வரைபடம் போடுகிறார்கள். ஒரே பருவத்தில் பிறந்தவை ஒரு மேடாகத் தெரியும். அந்த மேடு மாதந்தோறும் பெரிய அளவுகளை நோக்கி நகர்வதைப் பின்தொடர்ந்தால் வளரும் வேகம் கிடைக்கிறது. சினைப்பருவம் நீண்டு கிடக்கும் சூடான கரையில் மேடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்கே இந்த முறையை நம்புவதற்கு அளவுகள் நிறைய வேண்டும்.

தூண்டில் இரைக்காக எடுப்பதால் உண்மையிலேயே குறைகிறதா?

இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய நம் முன்னோர்களின் வழியினரில் ஒரு பகுதியினர் டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரி தீவில் மீன்பிடித்து வாழ்ந்தார்கள். அந்த விரிகுடாவின் மணல்திட்டுகளில் பெரும்பகுதியை அழித்தது துறைமுக விரிவாக்கம். பம்பும் வாளியுமாக இறங்கியவர்கள் அல்லர். இதைச் சொல்லிவிட்டே அடுத்ததையும் சொல்ல வேண்டும்: எஞ்சியிருக்கும் சிறு திட்டுகளில் நம் கையும் காலும் இப்போது பெரிதாகவே படுகின்றன.

லாங்கபான் காயலில் நடந்து 1990களில் வெளிவந்த ஆய்வுகளில், இரைக்காக இறால் எடுத்த இடங்கள் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 18 மாதங்கள் ஆயின. இன்னொரு முடிவு என்னை வெகுவாக யோசிக்க வைத்தது: இறாலை எடுக்காமல், மணலில் திரும்பத் திரும்ப நடந்ததும்கூட இறால் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்தது. மிதிபடும்போது வளைகள் சரிகின்றன, மணல் இறுகுகிறது, முதலில் அழுந்துவது தாய் வளையின் பக்கத்தில் மெல்லிய வளையோடு இருக்கும் குஞ்சு. பத்துப் பேர் பத்துத் திசையில் நடப்பதைவிட, ஒரே தடத்தில் போய் ஒரே தடத்தில் திரும்புவது நல்லது.

பொழுதுபோக்காக எடுப்பவர்களுக்கு உரிமம் கட்டாயம், அஞ்சலகத்தில் கிடைக்கும். மண்வெட்டியால் தோண்டுவதற்கு அனுமதி இல்லை. எடுத்ததை விற்கவும் கூடாது.

சினை இறால் வந்தால் என்ன செய்வது?

திருப்பி விட்டுவிடுங்கள். முட்டைகள் குறைவாக, பெரிதாக இருக்கும் இனத்தில் ஒவ்வொரு தாயும் கணக்கில் வருகிறது. அதுவும் அந்தக் குஞ்சுகள் எல்லாம் அதே திட்டில்தான் வளரப்போகின்றன. நீங்கள் அடுத்த வருடம் இரை எடுக்கும் இடத்துக்கே அது விதை. ஆனால் மணலின் மேல் வீசிவிட்டுப் போனால் அது மீண்டும் தோண்டி உள்ளே போவதற்குள் கடற்காகம் கொத்திவிடும். நீர் நிற்கும் ஓர் ஓட்டைக்குள் மெல்ல இறக்கிவிட்டு, அது உள்ளே போனதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கிரண்டர் மீனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு. புள்ளிக் கிரண்டர் நீரைப் பீய்ச்சி வளையிலிருந்து மணல் இறாலையும் சேற்று இறாலையும் வெளியேற்றித் தின்னும். நீரேற்றத்தில் வாலை மேலே நீட்டித் தலைகீழாக மேய்வது அதற்காகவே. திட்டில் இறால் இல்லாவிட்டால் கிரண்டர் அங்கே நிற்கக் காரணம் இல்லை.

நேட்டாலின் வடக்கே உள்ள செயின்ட் லூசியா ஏரிக் கழிமுகத்தில் கூனி போன்ற சிறு உயிரி கோடிக்கணக்கில் இருந்ததாமே, அதுவும் மணல் இறால் வகையா?

அது மைசிட் என்ற வேறு ஓட்டுயிரி. அங்கே மிகுதியாக வாழும் இனம் மீசோபொடாப்சிஸ் ஆப்பிரிக்கானா. நகத்தளவே இருக்கும், கூட்டமாக நீந்தும், சிறு மீன்களுக்கு முக்கியமான இரை. பெண்ணின் மார்பின் கீழ் ஒரு பை உண்டு. முட்டை அதற்குள்ளேயே பொரிந்து, குஞ்சு முழு உருவம் பெற்ற பிறகே வெளியே வருகிறது. ஆகவே இதற்கும் கடல்வழி தேவையில்லை. மணல் இறாலும் மைசிட்டும் உறவில் தொலைவானவை. ஆனால் வாய் அடைபடும் கழிமுகம் என்ற ஒரே சிக்கலுக்குத் தாயின் உடலையோ வளையையோ தொட்டிலாக்கி ஒரே வகையில் விடை கண்டிருக்கின்றன. சூடான நீரில் குஞ்சு முதிரும் காலம் சுருங்குவதால் மைசிட் கூட்டம் சில வாரங்களில் பெருகிவிடும். அதே வேகத்தில் சரியவும் செய்யும். மாதம் ஒருமுறை மட்டும் வலை வீசிப் பார்ப்பவர் ஓர் உச்சத்தையே தவறவிடலாம்.

குழம்பு இறால் குறைந்ததற்கும் செயின்ட் லூசியாவுக்கும் என்ன தொடர்பு?

துகேலா கரைக்கு அப்பால் உள்ள கடல் திட்டில் முட்டையிடும் வெள்ளை இறாலின் குஞ்சுகளுக்குச் செயின்ட் லூசியா முதன்மையான வளர்ப்பிடம். 2002இல் அதன் வாய் அடைபட்டது. வறட்சி முற்றி, 2006இல் ஏரிப்பரப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு வற்றியது. 2007 மார்ச்சில் புயலலைகள் வாயை உடைத்தன; அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. உள்ளே நுழைய முடியாத குஞ்சுகள் வளர இடமில்லாமல் போனதால் கடல் திட்டின் இறால் பிடிப்பும் சரிந்தது. இம்ஃபொலோசி ஆற்று நீரை ஏரியோடு மீண்டும் இணைக்கும் பணி 2012இல் தொடங்கியது. 2021 ஜனவரியில் வாய் மனிதர் கையால் திறக்கப்பட்டது. வெள்ளை இறாலும் சேற்று இறாலும் வாய் திறப்பதை நம்பி வாழ்பவை. அவற்றின் பருவ அட்டவணையை வாய் திறந்த, மூடிய தேதிகள் இல்லாமல் படிக்கவே முடியாது.

பள்ளி மாணவர்கள் ஓராண்டுப் பதிவு செய்ய விரும்பினால் எதையெல்லாம் எழுத வேண்டும்?

உங்களுக்கு அருகே உள்ள ஒரே திட்டைத் தேர்ந்தெடுங்கள்; அங்கே எடுக்க அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாதந்தோறும் அமாவாசையை ஒட்டிய காலை வற்றத்தில் ஒரே இடத்துக்குப் போங்கள். நீரின் வெப்பம், உப்பு, ஆற்றின் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, கடந்த வாரங்களில் மழை உண்டா என்பவற்றை இறாலைத் தொடும் முன்பே எழுதிவிடுங்கள். உப்பை மேலே ஓடும் நீரில் மட்டும் அளக்காமல், ஓட்டைக்குள் நிற்கும் நீரையும் எடுத்து அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் வேறுபடும் நாட்கள் இருக்கும், குஞ்சுக்குப் பொருள்படுவது இரண்டாவது எண். பிறகு ஓட்டைகளை எண்ணி, அளவோடு சில இறால்களை எடுத்து, நீளம், ஆணா பெண்ணா, சினையின் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அதே இடத்தில் விட்டுவிடுங்கள். எதுவும் கிடைக்காத மாதத்திலும் சுழியம் என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், பின்னால் படிப்பவருக்கு நீங்கள் போகவில்லையா, போயும் கிடைக்கவில்லையா என்பது தெரியாது.